ஊசியில் நூல் கோர்க்கிறவருக்கு எதற்குக் கண் பிரஷர் மருந்து?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொல்லில் ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன், சரியா என்று பாருங்கள். அம்மாவுக்கு 61 வயது, கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறார். வாசிக்கிற கண்ணாடியை மாற்றுவோம் என்று கண் டொக்டர் ஒருவரைச் சனல் பண்ணிப் போன இடத்தில், வலது கண்ணில் பிரஷர் 26, இடதில் 23, கண் நரம்பைப் பார்க்கவும் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது, இது குளுக்கோமாவாக, அதாவது அந்த நரம்பு கெட்டுப் பார்வை போகிற நோயாக, இருக்கலாம் என்று சொல்லி, பிரஷரைக் குறைக்க இரவில் ஒரு சொட்டு லட்டானோபுரோஸ்ட் விடச் சொல்லியிருக்கிறார்கள். பார்வைப் புலம், அதாவது சுற்றுப்புறம் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கிற கம்ப்யூட்டர் டெஸ்ட் ஒன்றும் எழுதித் தந்தார்கள், அது இன்னும் எடுக்கவில்லை. அம்மாவோ இப்போதும் ஊசியில் நூல் கோர்க்கிறார். வலியில்லை. மருந்து தொடங்கி இரண்டு மாதத்தில் கண் சிவந்ததுதான் மிச்சம், குப்பியும் விலை. நிறுத்திப் பார்க்கலாமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன்: இவ்வளவு நன்றாகப் பார்க்கிற ஒருவருக்குக் கண்ணில் வருத்தம் என்றால் அதை நம்புவதா, வியாபாரம் என்று விடுவதா?

நிறுத்த வேண்டாம். முதலில் அந்த டெஸ்டை எடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். நான் டொக்டர் இல்லை, அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் பிரிவில் 27 வருடம் டெக்னோலொஜிஸ்ட்டாக இருந்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். பிரஷர் பார்ப்பது, பார்வைப் புலம் எடுக்கிற மெஷினில் ஆட்களை இருத்தி வைப்பது, கிளினிக் கொப்பியில் எண்களை எழுதுவது, இதுதான் என் வேலை. அதனால் அம்மாவுக்குக் குளுக்கோமா உண்டு என்றோ இல்லை என்றோ நான் சொல்ல மாட்டேன். கண்ணைப் பார்க்காமல் அதைச் சொல்கிற எவரையும் நீங்கள் நம்பவும் தேவையில்லை.

ஊசி நூல் விஷயத்துக்கு வருவோம். ஒருமுறை ஒரு திரீவீலர் ஓட்டுகிறவர் வந்தார், ஐம்பது வயது இருக்கும். மூன்று மாதத்தில் நாலு தடவை இடது பக்கக் கண்ணாடியை மதிலில் இடித்துவிட்டாராம், மனைவிதான் பிடித்து இழுத்து வந்திருந்தார். எழுத்துப் பலகையில் இரண்டு கண்ணாலும் கடைசி வரி வரைக்கும் தடங்கலில்லாமல் வாசித்தார், 6/6. பிறகு மெஷினில் இருத்தினோம். இடது கண்ணுக்கு வந்த தாளில் பாதிக்கு மேல் கறுப்பு, அதாவது தெரியாத இடம். தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தார், 'கடைசி எழுத்து வரைக்கும் வாசிச்சேனே தம்பி, உங்கட மெஷின் பிழை' என்று. அவர் சொன்னதில் முதல் பாதி முழு உண்மை. எழுத்து வாசிப்பதும் நூல் கோர்ப்பதும் நேர் நடுப் பார்வையின் வேலை. இந்த நோய் பெரும்பாலும் நடுவைக் கடைசி வரைக்கும் விட்டுவைத்துச் சுற்றுப்புறத்தைத் தின்கிறது. அதுவும் கறுப்புத் திரை விழுந்தது போல இல்லை. தெரியாத இடத்தை மூளை பக்கத்தில் இருக்கிறதை வைத்து இட்டு நிரப்பிவிடும், ஒரு கண்ணில் விட்டதை மற்றக் கண் எடுத்துக் கொடுத்துவிடும், ஆளுக்கு ஒன்றும் குறைந்ததாகவே தோன்றாது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் இருக்கின்றன. அதில் கால்வாசி செத்த பிறகும் மெஷின்கூடச் சில வேளை ஒன்றும் சொல்லாது. சென்னை நகரத்திலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் வீடு வீடாகப் போய்ச் சோதித்த ஆய்வில், இப்படி வலியில்லாமல் மெல்ல வருகிற வகைக் குளுக்கோமா இருந்தவர்களில் 10 பேரில் 9 பேருக்கு மேல் தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் இருந்தார்கள். நம்முடைய ஆட்களும் அவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் என்று என் அனுபவம் சொல்லவில்லை.

இனி அந்தப் பிரஷர். இது கையில் பட்டி கட்டிப் பார்க்கிற பிரஷர் இல்லை. 'நான் பிரஷர் குளிசை ஒழுங்காகப் போடுகிறேன், பிறகு எப்படி?' என்று கேட்காத ஆளே கிளினிக்கில் இல்லை. கண்ணுக்குள்ளே ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது, அழும்போது வருகிற கண்ணீர் வேறு, இது வேறு. நிமிடத்துக்கு இரண்டு, இரண்டரை மைக்ரோலீற்றர் அளவில் ஊறி, கருவிழி ஓரத்தில் இருக்கிற சல்லடை போன்ற ஒரு வடிகாலால் வெளியேறுகிறது. வெள்ளவத்தையில் மழைக்கு ரோட்டில் வெள்ளம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மழை கூடியதால் நிற்பதைவிடக் கான் அடைத்ததால் நிற்பதுதான் அதிகம். கண்ணிலும் அதே கதை. நீர் கூட ஊறுவதால் பிரஷர் ஏறுவது அபூர்வம், வடிகிற பக்கத்தில்தான் சிக்கல். கான் வாய் திறந்தபடி இருக்க உள்ளே மெல்ல மெல்லச் சேறு சேர்ந்தால் அது ஒரு வகை, வலியே இல்லாமல் வருடக்கணக்கில் போகும். கானின் வாயையே பலகை போட்டது போலக் கண்மணியைச் சுற்றியிருக்கிற நிறத் திரை வந்து மூடினால் அது இன்னொரு வகை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு, அதனால் எந்த வகை என்று பார்க்காமல் மருந்து மட்டும் எடுத்துக்கொண்டு போவது அரைகுறை வேலை. அதைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி வில்லையைக் கண்ணில் வைத்துக் கோணத்தைப் பார்ப்பார்கள், மரக்க வைக்கிற சொட்டு விட்டால் வலி இல்லை. அம்மாவுக்கு அதைச் செய்தார்களா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு எந்த நல்ல டொக்டரும் கோபிக்க மாட்டார்.

26 என்ற எண் எவ்வளவு பெரிது? சாதாரண அளவு 10 முதல் 21 வரை என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அந்த 21 ஒரு மதில் இல்லை. பெரும்பாலான ஆட்களுக்கு அதற்குள் இருக்கிறது, அவ்வளவுதான். 16 இருந்தும் நரம்பு கெட்டுக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள், 25ஐ வைத்துக்கொண்டு பத்து வருடம் ஒன்றும் ஆகாதவர்களும் இருக்கிறார்கள். கருவிழியின் தடிப்பும் எண்ணை ஏமாற்றும். தடித்த கருவிழிக்கு மெஷின் கூடுதலாகக் காட்டும், மெல்லியதற்குக் குறைத்துக் காட்டும். கண்ணாடிக் கடையில் 'புஸ்' என்று காற்று ஊதிப் பார்க்கிற எண்ணும், டொக்டர் நீல வெளிச்சத்தில் கண்ணைத் தொட்டுப் பார்க்கிற எண்ணும் ஒன்றுபோல் வராமலும் போகலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கிக்கொண்டு இருந்தாலே நாலைந்து கூடிவிடும், நானே எத்தனையோ பேரை 'மூச்சு விடுங்கோ அம்மா' என்று சொல்லித் திரும்ப எடுத்திருக்கிறேன்.

நோய் என்பது நரம்பு கெடுவது. பிரஷர் அதற்கு ஒரு காரணம். மருந்தால் குறைக்க ஏலுமான காரணம் இன்றைக்கு அது ஒன்றுதான், அதனால்தான் எல்லோரும் அதையே கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். குறைத்தால் பலன் உண்டா என்பதில் சந்தேகம் இல்லை. அமெரிக்காவில் 1600க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து 2002இல் வெளிவந்தது. அம்மாவைப் போலப் பிரஷர் கூடியவர்கள், ஆனால் நரம்பில் சேதம் இன்னும் வராதவர்கள். பாதிப் பேருக்குச் சொட்டு மருந்து, பாதிப் பேரைச் சும்மா கவனித்தார்கள். ஐந்து வருடத்தில் மருந்து இல்லாதவர்களில் 9.5 வீதம் பேருக்கு நோய் வந்தது, மருந்து எடுத்தவர்களில் 4.4 வீதம். பாதிக்கு மேல் குறைந்தது. அதே எண்ணை மறுபக்கமும் வாசிக்க வேண்டும்: மருந்தே எடுக்காதவர்களில் 90 வீதத்துக்கு அந்த ஐந்து வருடத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே நரம்பு சுத்தமாக இருந்து பிரஷர் மட்டும் கொஞ்சம் கூட என்றால், மருந்தில்லாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருப்போம் என்று ஒரு டொக்டர் சொன்னால் அதுவும் நேர்மையான வைத்தியம்தான். நரம்பில் சேதம் இருக்கிறது என்றால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. அம்மா இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்பதைத்தான் நீங்கள் எடுக்காமல் வைத்திருக்கிற டெஸ்ட் சொல்லப்போகிறது. வியாபாரமா இல்லையா என்ற உங்கள் சந்தேகத்துக்கும் அந்தத் தாள்தான் பதில்.

அந்த டெஸ்டைப் பற்றி நிறையச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள், என் வாழ்க்கை அதற்குப் பக்கத்தில்தான் போனது. ஒரு வெள்ளைக் குண்டானுக்குள் தாடையை வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுவில் இருக்கிற புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். அங்கங்கே மங்கலாக வெளிச்சப் பொட்டு மின்னும், தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும். நம்முடைய வயதானவர்களுக்கு இது பரீட்சை. எல்லாப் பொட்டையும் பிடித்துவிட வேண்டும் என்று கண்ணை உருட்டித் தேடுவார்கள், பயத்தில் சும்மா சும்மா அமுக்குவார்கள். மெஷின் அதையும் எண்ணிக்கொண்டிருக்கும், தாளின் மூலையில் 'நம்ப ஏலாது' என்கிற மாதிரி எண்கள் வந்துவிடும். முதல் தடவை மோசமாக வருவது சாதாரணம், இரண்டாம் மூன்றாம் தடவையில்தான் ஆளுக்குக் கை வரும். அதனால் முதல் தாளில் கறுப்பு இருந்தாலும் ஒப்பாரி வைக்க வேண்டாம், டொக்டர் திரும்ப எடுக்கச் சொன்னால் காசு பிடுங்குகிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். பாதிப் பொட்டு யாருக்குமே தெரியாத அளவு மங்கலாகத்தான் வரும், தெரியாவிட்டால் பேசாமல் இருக்கலாம், கண்ணைச் சிமிட்டலாம், களைத்தால் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டால் மெஷின் நிற்கும், இதையெல்லாம் அம்மாவுக்கு வீட்டிலேயே சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள். இன்னொன்று, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. விளக்கம் முழுக்கச் சிங்களத்தில் சொல்லப்பட்டு, விளங்காமலே தலையாட்டிவிட்டு உள்ளே போய் இருந்த எத்தனையோ தமிழ் அம்மாக்களின் தாள்கள் வீணாகப் போனதை நான் பார்த்திருக்கிறேன். தொடங்குவதற்கு முதல் தமிழில் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள், அல்லது நீங்களே பக்கத்தில் நின்று சொல்லுங்கள். தூக்கம் இல்லாத நாளில், வெறும் வயிற்றோடு, இரண்டு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு எடுக்க வேண்டாம். கூடவே நரம்பின் தடிப்பை அளக்கிற ஓசீடீ ஸ்கேனும் எடுக்கச் சொல்லலாம். அதில் ஆள் ஒன்றும் செய்யத் தேவையில்லை, அசையாமல் இருந்தால் போதும். ஆனால் அது சிவப்பு என்று காட்டியதெல்லாம் நோய் இல்லை, கிட்டப்பார்வை கூடியவர்களுக்கு நோயில்லாமலே சிவப்பு வரும்.

கான் வாயைப் பலகை மூடுகிற வகை என்றேனே, அதைப் பற்றி ஒரு பந்தி, ஏனென்றால் அதற்கு மட்டும் அவசரம் உண்டு. திடீரென்று ஒரு கண்ணில் கடும் வலி, அந்தப் பக்கத் தலையிடி, கண் சிவப்பு, பார்வை புகை மூட்டம், லைட்டைச் சுற்றி வானவில் வட்டம், கூடவே வாந்தி. வாந்தி வந்ததால் காஸ்திரிக் என்று மருந்தெடுத்து, தலையிடிக்குப் பனடோல் போட்டு, இரண்டு நாள் கழித்து வந்த ஒரு அம்மாவின் கண்ணை எங்களால் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. ஆசிய நாட்டவர்களுக்கு இந்த வகை வெள்ளையர்களைவிடக் கூடுதலாக வருகிறது. இப்படி வந்தால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம், அன்றிரவே ஆஸ்பத்திரி. கோணம் ஒடுக்கமானவர்களுக்குச் சில தடிமல் மருந்தும் அலர்ஜிக் குளிசையும்கூட இதைத் தூண்டிவிடும். குளிசைப் பெட்டியில் 'குளுக்கோமா உள்ளவர்கள் கவனம்' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இவர்களுக்காகத்தான். கோணம் திறந்த வகைக்காரர்கள் அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை.

சரி, மருந்து. முதலில் அந்தச் சிவப்பு. லட்டானோபுரோஸ்ட் தொடங்கின புதிதில் கண் சிவப்பது நிறையப் பேருக்கு நடக்கும், பலருக்குச் சில கிழமைகளில் குறைந்துவிடும். இமை முடி நீண்டு அடர்த்தியாகும், கண்ணைச் சுற்றித் தோல் கொஞ்சம் கறுக்கலாம். கறுப்பது மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மாறும். சிவப்புத் தாங்க ஏலாமல் இருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள், வேறு வகை மருந்து இருக்கிறது. இங்கே ஒரு கவனம்: மாற்றித் தருகிற மருந்து டைமொலோல் என்றால், அம்மாவுக்கு ஆஸ்துமாவோ இழுப்போ இருதயத் துடிப்பு மந்தமோ இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கண்ணில் விடுகிற ஒரு சொட்டுத்தானே என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் அந்தச் சொட்டு மூக்கு வழியாக இறங்கி இரத்தத்தில் கலக்கிறது, இழுப்பை வரவழைத்துவிடும். அது இறங்காமல் இருக்கத்தான், சொட்டு விட்டபின் கண்ணை மெல்ல மூடிக்கொண்டு, மூக்குப் பக்கத்து மூலையை விரலால் இரண்டு நிமிடம் அமுக்கிப் பிடிக்கச் சொல்வது. ஒரு சொட்டுப் போதும். கண் ஒரு சொட்டைக்கூட முழுதாகப் பிடிக்காது, இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான். குப்பி விலை என்று எழுதியிருந்தீர்கள், வீட்டில் பாருங்கள், பாதிக் குப்பி கன்னத்தில்தான் போகிறது என்று பந்தயம் கட்டுவேன். படுத்துக்கொண்டு விடலாம், கை நடுங்கினால் நீங்கள் விட்டுவிடலாம். இரண்டு மருந்து எழுதியிருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி.

திறக்காத லட்டானோபுரோஸ்ட் குப்பி பிரிட்ஜில் இருக்க வேண்டும். திறந்த பிறகு 25 பாகைக்குள் வெளியே வைக்கலாம் என்று எழுதியிருப்பார்கள், கொழும்பில் ஏசி இல்லாத எந்த வீட்டில் 25 பாகை? திறந்ததும் பிரிட்ஜ் கதவிலேயே இருக்கட்டும், திறந்த திகதியைக் குப்பியில் எழுதி, நாலு கிழமையில் மாற்றிவிடுங்கள், மிச்சம் இருந்தாலும். பாமசியில் வாங்கும்போது அவர்கள் அதை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று பாருங்கள், வெயில் படுகிற தட்டிலிருந்து எடுத்தால் வேறு கடை.

மருந்தை ஆட்கள் விடுவது பெரும்பாலும் முடிவெடுத்து இல்லை, தவறித்தான். நல்லூர்த் திருவிழாவுக்கு 25 நாள் யாழ்ப்பாணம் போய், குப்பியை வெள்ளவத்தைப் பிரிட்ஜிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் வருடா வருடம் உண்டு. கந்தசஷ்டி விரதம் ஆறு நாளும் மருந்து விடாத ஒரு அம்மா என்னிடம் அதைப் பெருமையாகச் சொன்னார். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது நிறுத்தின சிலர் அதன்பிறகு திரும்பத் தொடங்கவேயில்லை, ஏனென்றால் நிறுத்தியும் ஒன்றும் தெரியவில்லை. கிளினிக்குக்கு வருகிற நாளுக்கு முதல் மூன்று நாள் மட்டும் ஒழுங்காக விட்டுவிட்டு வருவதும் உண்டு, பிரஷர் அழகாக 15 வரும், தாளில் மட்டும் கறுப்பு வளர்ந்துகொண்டு போகும், டொக்டர் மண்டையைப் பிய்ப்பார். தவறினால் தவறியது என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னொன்றைக் கூட்டிவிடுவார்கள்.

ஒவ்வொரு நாளும் மருந்து விடுவது அம்மாவுக்கு ஏலாது என்றால் வேறு வழியும் உண்டு. எஸ்எல்டீ என்கிற லேசர், வடிகால் சல்லடையைத் தூண்டிவிடுகிற வேலை, சில நிமிடத்தில் முடியும். இங்கிலாந்தில் 2019இல் வெளியான ஆய்வில், முதலிலேயே லேசர் செய்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் மூன்று வருடத்துக்குச் சொட்டு மருந்து இல்லாமலே சமாளித்தார்கள். நிரந்தரம் இல்லை, திரும்பச் செய்ய வேண்டி வரலாம், கோணம் மூடினவர்களுக்குப் பொருந்தாது. நாம் கேட்காமல் அந்தப் பேச்சை எடுக்காத டொக்டர்களும் உண்டு, கேளுங்கள். ஒப்பரேஷன் என்பது மருந்தும் லேசரும் போதாதவர்களுக்கு. அதுவும் புது வடிகால் ஒன்று வெட்டிவிடுவதுதான், போன பார்வையை அது தராது. 'முற்றினபிறகு வெட்டி எடுக்கலாம்' என்று உங்கள் மாமா சொன்னதாக எழுதியிருந்தீர்கள், அது கண்புரைக்கு. அது வில்லை மங்குவது, மாற்றினால் பார்வை வரும். இது நரம்பு. இதற்கு மாற்று இல்லை. இந்த ஊரில் இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும்: 1961இலிருந்து கண்தான சங்கம் வைத்து உலகத்துக்கே கண் அனுப்புகிற நாடு, அம்மாவுக்கு ஒரு கண் போட ஏலாதா? அனுப்புவதும் பொருத்துவதும் முன்பக்கத்துக் கருவிழியை மட்டும். முழுக் கண்ணையோ கண் நரம்பையோ மாற்றிப் பார்வை கொடுக்க உலகத்தில் எங்கும் இன்னும் முடியவில்லை.

பொன்னாங்காணிக் கீரை இதற்கு உதவுமா என்றும் கேட்டிருந்தீர்கள், இங்கே சந்தையில் முகுணுவென்ன என்று கேட்டால் கொடுப்பார்களே, அது. கீரை கூடுதலாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த நோய் கொஞ்சம் குறைவாக வந்ததாக வெளிநாட்டு ஆய்வு இருக்கிறது. ஆனால் கீரை தின்றதாலா, கீரை தின்கிற ஆட்களின் மற்றப் பழக்கங்களாலா என்று அப்படியான ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. சாப்பிடட்டும், நல்லது, மருந்துக்குப் பதிலாக இல்லை. கஞ்சா பற்றி யாராவது சொல்வார்கள், நாலு மணி நேரத்துக்குப் பிரஷர் இறங்குவது உண்மை, நாள் முழுக்க இறங்கியிருக்க நாள் முழுக்க மயக்கத்தில் இருக்க வேண்டும். போன் பார்ப்பதால் குளுக்கோமா வருகிறது என்று சொல்ல ஆதாரம் போதாது. நடப்பது நல்லது, காலிமுகத்திடலில் ஒரு நடை நடந்தாலே பிரஷர் கொஞ்சம் இறங்கும். சிரசாசனம் மட்டும் வேண்டாம், தலைகீழாக நிற்கும்போது கண் பிரஷர் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு லீற்றர் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கிற வழக்கம் இருந்தால் அதைப் பிரித்துக் குடிக்கச் சொல்லுங்கள், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு ஏற்றிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது ஸ்டீரொயிட்டுக்கு. கண்நோய் பரவுகிற காலத்தில் பாமசியில் கேட்டு வாங்கின ஒரு குப்பி, விட்டவுடன் சிவப்புப் போய்விடும், பிறகு கண் உறுத்துகிற போதெல்லாம் அதையே விடுவார்கள், அயல் வீட்டுக்கும் கொடுப்பார்கள். அதில் ஸ்டீரொயிட் இருந்தால் சிலருக்குச் சில கிழமையிலேயே பிரஷர் 30, 40 என்று ஏறும், வலியில்லாமல். இருபது வயதுப் பிள்ளைகள் அப்படிப் பார்வை இழந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். முகம் வெளுக்கப் பூசுகிற சில கிறீம்களிலும் அது இருக்கிறது, கண்ணைச் சுற்றிப் பூசினால் உள்ளே போகும். அம்மா மூட்டுக்கோ தோலுக்கோ இழுப்புக்கோ நீண்ட நாளாக ஏதாவது எடுக்கிறாரா என்று பார்த்து, குப்பி, பெட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள். 26க்குக் காரணம் சில வேளை அந்தப் பைக்குள்ளேயே கிடக்கும்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. உங்களுக்கு 38 என்று எழுதியிருக்கிறீர்கள், ஒரு அக்காவும் ஒரு தம்பியும் இருக்கிறார்கள். அம்மாவுக்கு இது உறுதியானால், பிள்ளைகளுக்கும் அம்மாவின் கூடப் பிறந்தவர்களுக்கும் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூட. கூடப் பிறந்தவர்களுக்கு 4 மடங்கு என்று ஒரு ஆய்வும் 9 மடங்கு என்று இன்னொன்றும் சொல்கின்றன. அம்மா டெஸ்டுக்குப் போகிற அதே நாளில் நீங்கள் மூன்று பேரும் பிரஷரும் நரம்பும் பார்த்துக்கொண்டு வரலாம், கனடாவில் இருக்கிற சித்திக்கும் சொல்லிவிடுங்கள். நரம்பைச் சரியாகப் பார்க்கக் கண்மணியை விரிக்கிற சொட்டு விடுவார்கள், நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்ட இருக்கிற எழுத்துத் தெரியாது. மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் விரித்துக்கொள்ளாமல், திரும்பக் கூட்டிக்கொண்டு வர ஒரு ஆளை மிச்சம் வையுங்கள்.